எந்த அச்சில் அளப்பது? மாதிரியாக்க மென்பொருளில் தனி அச்சுத் தொகுதியைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

உள்ளழுத்தம் தாங்கும் எஃகு உருளை ஒன்று. ஆரம் 500 மி.மீ., சுவரின் தடிமன் 10 மி.மீ., அழுத்தம் 2 மெகாபாஸ்கல். சுவரைச் சுற்றிலும் இழுக்கும் வளையத் தகைவு எங்கும் 100 மெகாபாஸ்கல் என்பது கைக்கணக்கிலேயே தெரிந்துவிடும். இதே உருளையை வரம்புறு கூறு மென்பொருளில் தீர்த்து, எக்ஸ் திசைத் தகைவை வண்ணப் படமாகக் கேட்டால் வேறொன்று கிடைக்கும். எக்ஸ் அச்சு சுவரை வெட்டும் இடத்தில் தகைவு கிட்டத்தட்ட 0. ஒய் அச்சு வெட்டும் இடத்தில் 100. நடுவே 45 பாகையில் எக்ஸ் தகைவு 50, ஒய் தகைவு 50, அவற்றோடு 50 அளவில் ஒரு ஷியர் தகைவு. எண்கள் எல்லாம் சரியானவைதான். உருளைக்குப் பொருந்தாத அச்சில் அவை அளக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவே. ஆரம், சுற்று, நீளம் என்ற மூன்று திசைகளில் அளக்கும்படி ஒரு தனி அச்சுத் தொகுதியை வரையறுத்துவிட்டால் படம் முழுதும் ஒரே நிறத்தில் 100 என்று வந்து நிற்கும்.

மென்பொருள் பட்டியல்களில் ‘குளோபல்’ என்று இருப்பது மாதிரி முழுவதற்குமான பொது அச்சுத் தொகுதி. ‘லோக்கல்’ என்று இருப்பது பயனர் தமக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய சாய்வில் அமைத்துக்கொள்ளும் தனி அச்சுத் தொகுதி. தனி அச்சு எல்லாவற்றுக்கும் தேவைப்படாது. வான் மீசஸ் தகைவும் முதன்மைத் தகைவுகளும் எந்த அச்சில் கணக்கிட்டாலும் மாறாதவை. ஒரே சீரான எஃகால் ஆன பொருளில், தாங்கிகள் பொது அச்சுகளின் திசையிலேயே இருந்து, விளைச்சல் அடையுமா என்ற ஒரே கேள்விக்கு விடை தேடும்போது தனி அச்சு வரையறுப்பது வீண் வேலை. மாதிரியில் கூடுதலாக நுழையும் ஒவ்வொரு அச்சும் பின்னால் ஒருவர் சரிபார்க்க வேண்டிய இன்னொன்றாகிவிடுகிறது.

ஒரு பெயர், நான்கு வேலைகள்

தேர்வில் நேரும் குழப்பங்களில் பெரும்பாலானவை அச்சின் வடிவத்தால் வருவதில்லை. அந்த அச்சு எதற்கு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாததால் வருகின்றன. ஒரே தனி அச்சு நான்கு வெவ்வேறு வேலைகளைச் செய்யலாம். புள்ளிகளின் இருப்பிடத்தைச் சொல்ல ஒன்று. கணுக்கள் எந்தத் திசையில் நகரலாம், எந்தத் திசையில் நகரக் கூடாது என்று சொல்ல ஒன்று. பொருளின் பண்பு எந்தத் திசையில் எவ்வளவு என்று சொல்ல ஒன்று. விடைகளைப் படிக்க ஒன்று.

நாஸ்ட்ரான் இந்த வேறுபாட்டை ஒரே வரியில் காட்டிவிடுகிறது. அதன் ‘கிரிட்’ வரியில் கணுவின் இருப்பிடத்துக்கு ‘சிபி’ என்ற இடமும், நகர்வுத் திசைகளுக்கு ‘சிடி’ என்ற இடமும் தனித்தனியே உள்ளன. ஒரு கணுவின் இருப்பிடத்தை உருளை அச்சில் கொடுத்துவிட்டு, அதன் நகர்வைப் பொது அச்சிலேயே விட்டுவைக்கலாம். உருளை அச்சில் புள்ளிகளை இட்டதாலேயே ஆரத் திசைத் தாங்கியும் கிடைத்துவிட்டது என்று நம்புவது புதியவர்களின் வழக்கமான தவறு. ‘சிடி’ காலியாக இருந்தால் தாங்கி பொது எக்ஸ் திசையில்தான் வேலை செய்யும். மென்பொருள் எச்சரிக்கை எதுவும் தராது. விடையும் பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருக்கும்.

அபாகஸ் இதற்கு மூன்று தனிக் கட்டளைகளை வைத்திருக்கிறது. இருப்பிடத்துக்கு ‘சிஸ்டம்’, கணுவின் திசைகளுக்கு ‘டிரான்ஸ்ஃபார்ம்’, பொருளின் திசைகளுக்கு ‘ஓரியன்டேஷன்’. அன்சிஸின் கட்டளை மொழியில் ‘சிசிஸ்’ என்பது அப்போது நடப்பில் உள்ள அச்சு, ‘என்ரோட்டட்’ கணுக்களைத் திருப்புவது, ‘இசிஸ்’ கூறுகளுக்கு, ‘ஆர்சிஸ்’ விடைகளைப் படிக்க. இவற்றில் ஒன்றை மாற்றினால் மற்றவை தாமாக மாறுவதில்லை. நடப்பு அச்சை உருளையாக மாற்றியவர், கணுக்களும் திரும்பிவிட்டன என்று எண்ணித் தாங்கியை வைத்தால் நாஸ்ட்ரானில் நேர்ந்த அதே பிழைதான் இங்கும் நேரும். வரிசையும் முக்கியம். விசையும் தாங்கியும் ஏற்கெனவே வைத்த கணுவைப் பின்னால் திருப்பினால் அவையும் அதோடு சேர்ந்தே திரும்பும். ஆகவே முதலில் கணுவைத் திருப்பி, பிறகு தாங்கியை வைப்பதே பாதுகாப்பான வழக்கம்.

விடைகளைப் படிக்க மட்டும் தனி அச்சு தேவையென்றால் அதைத் தீர்வுக்குப் பிறகு உருவாக்கிக்கொண்டால் போதும். அது கணக்கைத் தொடாது. தவறாக வரையறுத்தாலும் அழித்துவிட்டு மறுபடி உருவாக்கலாம். கணுவுக்கும் பொருளுக்கும் கொடுக்கும் அச்சு அப்படியல்ல. அது கணக்கின் உள்ளேயே புகுந்துவிடுவதால் தவறிருந்தால் முழுத் தீர்வும் போய்விடும். எனவே ஐயம் வரும்போது, வேண்டிய எண் விடையைப் படிக்கும் கட்டத்திலேயே கிடைத்துவிடுமா என்று முதலில் பார்ப்பது நல்லது.

செவ்வகம், உருளை, கோளம்

வடிவத் தேர்வு பெரும்பாலும் பொருளின் உருவத்தைப் பார்த்தாலே முடிந்துவிடும். சாய்ந்த தாங்கி, சாய்ந்த கூரை, ஓரத்தில் திரும்பி நிற்கும் ஒரு சுவர் ஆகியவற்றுக்குச் செவ்வக அச்சைத் திருப்பி வைத்தால் போதும். குழாய், கொதிகலன், தண்டு, பற்சக்கரம், போல்ட் வட்டம் கொண்ட விளிம்பு ஆகியவற்றுக்கு உருளை அச்சு. எரிவாயு சேமிக்கும் கோளத் தொட்டிக்கும் குவிமாடத்துக்கும் கோள அச்சு.

உருளை அச்சின் உண்மையான பயன் தாங்கிகளில் தெரியும். சுழல் சமச்சீர் கொண்ட ஒரு பொருளிலிருந்து 30 பாகைத் துண்டு மட்டும் மாதிரியாக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், வெட்டிய இரண்டு முகங்களிலும் தொடுகோட்டுத் திசை நகர்வு 0 என்று ஒரே நிபந்தனை போதும். செவ்வக அச்சில் ஒரு முகம் எளிதில் முடியும். 30 பாகை சாய்ந்த மற்றதற்குத் தனியாக ஒரு திருப்பிய அச்சு வேண்டியிருக்கும். சூடாகும் பெரிய கலன்களுக்கு ஆரத் திசையில் நீளும் துளைகளோடு அடிப்பலகை வைப்பதுண்டு. கலன் விரியும்போது வெளிப்பக்கம் நகர இடம் தந்து, சுற்றிச் சுழலாமல் தடுப்பது அதன் நோக்கம். ஆரத் திசையை விட்டுவிட்டுத் தொடுகோட்டுத் திசையை மட்டும் கட்ட வேண்டிய இந்த இடத்தில் உருளை அச்சுக்கு மாற்று தேடுவது வீண்.

அந்த வசதிக்கு ஈடாக மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, மைய அச்சின் மேலேயே உட்காரும் கணுக்கள். அங்கே ஆரம் 0. ஆரத் திசை எது என்பதற்கே பொருளில்லை. நாஸ்ட்ரான் கையேடு இப்படிப்பட்ட கணுக்களுக்கு உருளை நகர்வு அச்சைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. திடத் தண்டின் துண்டு மாதிரியில் மையக் கணுக்களைத் தனியே பிரித்து, அவற்றைச் செவ்வக அச்சிலேயே விட்டு, குறுக்கான இரு திசைகளையும் கட்டுவது சரியான வழி. இரண்டாவது, கோணம் தாவும் கோடு. அன்சிஸில் உருளை அச்சின் கோணம் இயல்பாக 180 பாகையில் முறிந்து எதிர்க்குறிக்குத் தாவுகிறது. அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் உள்ள கணுக்களைக் கோண அளவை வைத்துத் தெரிவு செய்தால் பாதி விடுபட்டுப் போகலாம். முறிவை 0 பாகைக்கு நகர்த்த அதற்கென ஒரு கட்டளை உண்டு. மாதிரியின் உடல் இல்லாத பக்கத்தில் முறிவை வைத்துக்கொள்வதே நல்லது. மூன்றாவது, அலகு. உருளை அச்சிலும் தொடுகோட்டு நகர்வு நீள அலகில்தான் அளக்கப்படுகிறது, கோணத்தில் அல்ல. இதன் பின்விளைவு பெரிது. அசையும் அச்சுகளைப் பற்றிய பகுதியில் அது மீண்டும் வரும்.

கோள அச்சை அடிக்கடி பரிந்துரைக்க முடியாது. மெல்லிய கோளத் தொட்டியில் சுவரின் தளத்துக்குள் எந்தத் திசையில் அளந்தாலும் தகைவு ஒன்றே. அங்கே ஆரத் திசையைத் தவிர மற்ற இரண்டுக்கும் முக்கியத்துவம் குறைவு. மேலும் இரு துருவங்களிலும் திசைகள் குழம்பும். மென்பொருளுக்கு மென்பொருள் கோணங்களின் பெயரும் மாறும். நாஸ்ட்ரானில் தீட்டா துருவ அச்சிலிருந்து இறங்கும் கோணம், ஃபை சுற்றிவரும் கோணம். அன்சிஸில் தீட்டா சுற்றிவருவது, ஃபை தளத்திலிருந்து ஏறுவது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாதிரியைக் கொண்டுபோகும்போது இரண்டாம், மூன்றாம் திசைகள் இடம் மாறிவிடும். கோள அச்சு தேவைப்பட்டால் குழாய்வாய், கால் போன்ற முக்கிய இடங்களிலிருந்து துருவங்களை விலக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

கோணமா, மூன்று புள்ளியா?

வடிவம் முடிவான பிறகு அந்த அச்சை எப்படி எழுதிக்கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. தொடக்கப் புள்ளியும் மூன்று சுழற்சிக் கோணங்களும் கொடுப்பது ஒரு வழி. மூன்று புள்ளிகள் கொடுப்பது இன்னொரு வழி. பெரும்பாலான வேலைகளுக்கு மூன்று புள்ளிகளே மேல்; அதற்கு உறுதியான காரணங்கள் உள்ளன.

கோணங்களின் முதல் சிக்கல் வரிசை. இசட் அச்சைச் சுற்றி 90 பாகை திருப்பி, பிறகு திரும்பிய எக்ஸ் அச்சைச் சுற்றி 90 பாகை திருப்பினால் புதிய இசட் பொது எக்ஸ் திசையில் போய் நிற்கும். அதே இரண்டையும் வரிசை மாற்றி, முதலில் எக்ஸ், பிறகு திரும்பிய இசட் என்று செய்தால் புதிய இசட் பொது ஒய்க்கு எதிர்த்திசையில் நிற்கும். கோணங்கள் அவையே, முடிவு வேறு. அன்சிஸின் ‘லோக்கல்’ கட்டளை இசட், எக்ஸ், ஒய் என்ற வரிசையில் திருப்புகிறது. காம்சாலின் ஆய்லர் கோணங்கள் இசட், எக்ஸ், மறுபடி இசட் என்ற வரிசையில் செல்கின்றன. ஒரு அறிக்கையில் மூன்று கோணங்களை மட்டும் எழுதிவிட்டு வரிசையை எழுதாமல் விட்டால் படிப்பவருக்கு அது எதையும் சொல்லவில்லை.

இரண்டாவது சிக்கல் முழுமையாக்கம். 4 மீட்டருக்கு 3 மீட்டர் ஏறும் சாய்வின் கோணம் 36.8699 பாகை. அதை 36.9 என்று தட்டச்சு செய்தால் 20 மீட்டர் நீளத்தில் கிட்டத்தட்ட 10 மி.மீ. விலகல் வரும். சாய்தளத்தின் மேல் உட்கார வேண்டிய புள்ளிகள் தளத்துக்குள்ளேயோ வெளியேயோ போய்விடும். தொடக்கப் புள்ளியையும் 4, 3 என்ற புள்ளியையும் கொடுத்தால் இந்தப் பிழைக்கு இடமேயில்லை.

கோணங்கள் வெல்லும் இடங்களும் உண்டு. ஒரே அச்சைச் சுற்றிய எளிய திருப்பம், வரைபடத்திலேயே கோணமாகக் கொடுக்கப்பட்ட இறக்கைச் சாய்வு, 5 பாகை, 10 பாகை, 15 பாகை என்று மாற்றிமாற்றித் தீர்க்க வேண்டிய ஆய்வு ஆகியவற்றில் கோணம் ஒரு மாறியாகவே இருக்க வேண்டும். அங்கே மூன்று புள்ளிகளை ஒவ்வொரு முறையும் மாற்றி எழுதுவது வேலையைக் கூட்டும்.

மூன்று புள்ளி முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எந்தப் புள்ளி எதைக் குறிக்கிறது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். நாஸ்ட்ரானின் ‘கார்டு’ வகை வரிகளில் முதற்புள்ளி தொடக்கம், இரண்டாவது இசட் அச்சின் மேல், மூன்றாவது எக்ஸ்-இசட் தளத்தில். அன்சிஸிலும் எல்எஸ்-டைனாவிலும் முதலாவது தொடக்கம், இரண்டாவது எக்ஸ் அச்சின் மேல், மூன்றாவது எக்ஸ்-ஒய் தளத்தில். அபாகஸின் ‘ஓரியன்டேஷன்’ செவ்வக வகையில் எக்ஸ் அச்சின் மேலுள்ள புள்ளியும் எக்ஸ்-ஒய் தளத்துப் புள்ளியும் முதலில் வந்து, தொடக்கப் புள்ளி கடைசியில் வருகிறது. உருளை வகையிலோ இரண்டு புள்ளிகள்தான், இரண்டும் மைய அச்சின் மேல். ஒரு மென்பொருளின் ஒன்பது எண்களை இன்னொன்றில் அப்படியே ஒட்டினால் பிழைச் செய்தி வராது. செங்குத்தான மூன்று அச்சுகளைக் கொண்ட ஒழுங்கான தொகுதிதான் கிடைக்கும். ஆனால் அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரமும் கவனிக்க வேண்டியது. 10 மி.மீ. தள்ளியுள்ள இரு கணுக்களில் ஒன்று 0.1 மி.மீ. விலகியிருந்தாலே அச்சு அரைப் பாகைக்கு மேல் சாய்ந்துவிடும். அதே விலகல் 1,000 மி.மீ. தூரத்தில் அதன் நூறில் ஒரு பங்குதான். மூன்று புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் விழுந்தால் தளத்தின் திசை இன்னும் மோசமாக ஆடும். புள்ளிகளை இயன்ற அளவு தள்ளியும், ஏறத்தாழ செங்கோணத்திலும் தெரிவு செய்வதே முறை.

மூன்று புள்ளிகளைக் கணு எண்களாகக் கொடுக்கலாம், ஆய எண்களாகவும் கொடுக்கலாம். நாஸ்ட்ரானில் கணுக்களை நம்பி நிற்பது ‘கார்டு1’ வகை, எண்களை நம்பி நிற்பது ‘கார்டு2’ வகை. கணுவை நம்பினால் வடிவம் மாறும்போது அச்சும் கூடவே மாறும். அது நன்மைதான். ஆனால் மெஷ்ஷை மறுபடி உருவாக்கினால் பழைய கணு எண் வேறு இடத்தில் போய் உட்காரலாம். எண்களை நம்பினால் மெஷ் மாறினாலும் அச்சு அசையாது. பாகத்தையே நகர்த்தினால் அச்சு பழைய இடத்திலேயே தங்கிவிடும். இதற்கு ‘கார்டு2’ தரும் வழி, ஒரு தனி அச்சை இன்னொரு தனி அச்சைச் சார்ந்து வரையறுப்பது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தாய் அச்சு, மற்றவை அதைச் சார்ந்தவை என்று வைத்தால் பாகம் நகரும்போது தாய் அச்சை மட்டும் மாற்றினால் போதும். சங்கிலி எவ்வளவு நீண்டாலும் கடைசியில் அது பொது அச்சில் போய் முடிய வேண்டும்.

வடிவத்தின் முகம், விளிம்பு, துளையின் மையம் ஆகியவற்றோடு அச்சைப் பிணைக்கும் வசதி இன்றைய வரைகலை மென்பொருள்களில் இருக்கிறது. வடிவமைப்பு இன்னும் மாறிக்கொண்டிருக்கும் கட்டத்தில் இதற்கு நிகரில்லை. துளை நகர்ந்தால் அச்சும் நகரும். ஆனால் அந்த விளிம்பையே யாராவது வட்டமாக்கி நீக்கிவிட்டால் பிணைப்பு அறுந்துபோகும். எனவே எளிதில் மறையாத பெரிய முகங்களையும் துளைகளையும் பார்த்துப் பிணைக்க வேண்டும். வடிவம் முடிவாகி, மாதிரி சரிபார்ப்புக்குப் போகும்போது எண்களாக உறைய வைப்பதே நம்பகமானது.

உத்திரமும் தூணும்

கட்டடச் சட்டங்களை மாதிரியாக்குபவர்கள் பெரும்பாலும் அச்சைத் தாமே வரையறுப்பதில்லை. மென்பொருள் ஒவ்வொரு உறுப்புக்கும் தானாகவே ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. அங்கே தேர்வு என்பது அந்த இயல்பு அச்சை ஏற்பதா, திருப்புவதா என்பதுதான்.

சாப் 2000-இல் உறுப்பின் நீளத் திசை 1. கிடையான உத்திரத்துக்கு 2 மேல்நோக்கியும் 3 கிடையாகவும் நிற்கும். ஐ-வெட்டுக்கு முதன்மை வளைவுத் திருப்புத்திறன் 3 அச்சைச் சுற்றி வருகிறது. ஸ்டாட் புரோவில் நீளத் திசை எக்ஸ். முதன்மைத் திருப்புத்திறன் இசட் அச்சைச் சுற்றி. இந்தியாவின் எஃகுக் கட்டுமானத் தர நெறி ஐஎஸ் 800, 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் முதன்மை அச்சுக்கு இசட் என்றும் சிற்றச்சுக்கு ஒய் என்றும் பெயரிட்டிருக்கிறது. யூரோகோட் 3-இல் முதன்மை அச்சு ஒய், சிற்றச்சு இசட். பழைய இந்திய வெட்டுப் பட்டியல்களில் முதன்மை அச்சு எக்ஸ். ஒரே ஐ-உத்திரத்தின் வலுவான அச்சுக்கு நான்கு பெயர்கள். பட்டியலைப் பார்த்து எண்ணை எடுத்து மென்பொருளில் இடும்போது எழுத்தை நம்பக் கூடாது. இரண்டு நிலைமத் திருப்புத்திறன்களில் பெரியது எது என்று எண்ணைப் பார்த்தே இட வேண்டும்.

தூண்களில் இன்னொரு நுட்பம் உண்டு. சாப் 2000-இல் செங்குத்தான உறுப்புக்கு 2 அச்சு பொது எக்ஸ் திசையைப் பிடித்துக்கொள்கிறது. செங்குத்து என்று அது ஏற்பது எதை? நீள அச்சுக்கும் பொது இசட்டுக்கும் இடையிலான கோணத்தின் சைன் 0.001-க்குக் குறைவாக இருந்தால் மட்டுமே. 3 மீட்டர் தூணில் அது 3 மி.மீ. சாய்வு. வரைபடத்திலிருந்து இறக்கிய தூணின் உச்சி 5 மி.மீ. ஒய் பக்கம் தள்ளியிருந்தால் மென்பொருள் அதைச் சாய்ந்த உறுப்பாக எடுத்துக்கொள்ளும். அப்போது 2 அச்சு தூண் சாய்ந்த செங்குத்துத் தளத்துக்குள் வந்துவிடுவதால், எக்ஸ் திசையில் இருக்க வேண்டியது ஒய் திசைக்குப் போய், தூணின் வெட்டு 90 பாகை திரும்பி நிற்கும். பக்கத்துத் தூண்கள் எல்லாம் சரியாக இருக்க, ஒன்று மட்டும் பலவீனமான பக்கம் காட்டும். 5 மி.மீ. பிழைக்கு இப்படியொரு விளைவு என்பது நம்ப முடியாததாகத் தோன்றலாம். இறக்குமதி செய்த மாதிரிகளில் இதை ஒவ்வொரு முறையும் தேடிப் பார்ப்பது அவசியம். தூணை நேராக்குவதே முதல் தீர்வு. உண்மையிலேயே சாய்ந்த தூணாக இருந்தால் சுழற்சிக் கோணம் கொடுத்து அச்சைத் திருப்ப வேண்டும். ஸ்டாட் புரோவில் இதே வேலையைப் பீட்டா கோணம் செய்கிறது. கோணம் தெரியாத இடத்தில் ஒரு குறிப்புப் புள்ளியைக் கொடுத்தும் திசையை உறுதிசெய்யலாம். வட்டமாக நிற்கும் தூண் வரிசையில் ஒவ்வொன்றும் மையத்தைப் பார்த்து நிற்க வேண்டுமென்றால் குறிப்புப் புள்ளியே எளிது. எல்லாவற்றுக்கும் அந்த ஒரே மையம் போதும்.

உறுப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவுக்கு வரைவதா, முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வரைவதா என்பதும் நீள அச்சின் திசையைத் தீர்மானிக்கிறது. தனி அச்சில் கொடுத்த சுமை அதனால் குறி மாறலாம். உத்திரங்களை இடமிருந்து வலம், தூண்களைக் கீழிருந்து மேல் என்று ஒரே பழக்கத்தில் வரைந்தால் இந்தத் தொல்லை எழாது.

ஓடுகளும் நார்க் கலவைகளும்

எஃகுத் தகட்டில் பொருளின் திசை தவறினாலும் விறைப்பு மாறாது. விடையைப் படிப்பதில்தான் குழப்பம். நார்க் கலவையில் நிலை வேறு. ஒரே திசையில் நார் போட்ட கார்பன்-எபாக்சி அடுக்குக்கு நார்த் திசையில் யங் குணகம் 140 ஜிகாபாஸ்கல், குறுக்கே 10, ஷியர் குணகம் 5, பாய்சன் விகிதம் 0.3 என்று எடுத்துக் கணக்கிட்டால், இழுக்கும் திசையிலிருந்து நார் 5 பாகை விலகினாலே குணகம் சுமார் 117-க்கு இறங்கும். 10 பாகை விலகினால் சுமார் 80. பாதிக்குச் சற்றே மேலான விறைப்புதான் மிச்சம். மற்ற எதையும்விட இங்கே அச்சுக்கு அதிக நேரம் செலவிடுவது நியாயம்.

ஓட்டுக் கூறுகளில் பல மென்பொருள்கள் ஒரு பொது திசையை மேற்பரப்பின் மேல் வீழ்த்தி முதல் திசையை எடுக்கின்றன. அபாகஸ் இயல்பாகப் பொது எக்ஸ் அச்சை வீழ்த்துகிறது; எக்ஸ் அச்சு மேற்பரப்புக்குச் செங்குத்தாக 0.1 பாகைக்குள் வந்துவிட்டால் இசட் அச்சை வீழ்த்துகிறது. சமதளத்துக்கும் லேசாக வளைந்த பலகைக்கும் இது போதும். அரைவட்டமாக வளைந்த ஓட்டில், எக்ஸ் அச்சு பரப்பைக் குத்தும் இடத்தில் முதல் திசை திடீரென்று வேறு பக்கம் தாவிவிடும். அங்கே இயல்பு அச்சை விட்டுவிட்டு உருளை அச்சு ஒன்றைக் கொடுக்க வேண்டும். உருளை அச்சில் ஆரத் திசை ஓட்டுக்குச் செங்குத்து என்பதையும், நார் ஓடுவது தொடுகோட்டிலா நீளத்திலா என்பதையும் மென்பொருளுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இறக்கை, படகின் அடிப்பாகம், காற்றாலைத் தகடு போன்ற இரட்டை வளைவுப் பரப்புகளுக்கு ஒரே ஒரு தனி அச்சு எப்போதும் போதாது. அபாகஸில் ஒவ்வொரு கூறுக்கும் அதன் செங்குத்தையும் அருகிலுள்ள விளிம்பையும் பார்த்துத் திசை எடுக்கும் தனிக்கூறு முறை உண்டு. அன்சிஸின் கலவைப் பொருள் பிரிவில் ‘ரோசெட்’ என்ற திசைக்குறிகளையும், அவற்றோடு சேர்த்துச் செங்குத்துத் திசை குறித்த கூறுத் தொகுப்புகளையும் அமைக்கலாம். காம்சாலில் வளைகோட்டு ஆயங்களுக்கென ஒரு தனிக் கணக்கே இருக்கிறது. அதன் பரவல் முறையில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு லாப்லாஸ் சமன்பாட்டைத் தீர்த்து, அந்தத் தீர்வு மாறும் திசையையே பொருளின் திசையாக எடுத்துக்கொள்கிறது. வளைந்து முறுக்கிச் செல்லும் தடித்த உடலில், அதன் ஓட்டத்தைப் பின்தொடரும் நாருக்கு இதைவிட இயல்பான வழி கிடைப்பது அரிது. ஆனால் உண்மையான துணியை வளைவின் மேல் விரிக்கும்போது இழைகளுக்கு இடையிலான கோணமே மாறும். அந்த மாற்றத்தை எந்த அச்சு வரையறையும் தானாகப் பிடிக்காது. அதற்கு விரிப்புக் கணக்கு தனியே வேண்டும்.

செங்குத்துத் திசையின் குறியைச் சரிபார்ப்பது இங்கே கட்டாயம். ஒரு கூறின் செங்குத்து தலைகீழாக இருந்தால் 45 பாகை அடுக்கு எதிர் 45 ஆகிவிடும். அடுக்கு வரிசையும் உள்ளிருந்து வெளியாகத் திரும்பிவிடும். அண்டைக் கூறுகளின் அச்சுகள் வேறுவேறாக இருக்கும்போது கணுவில் தகைவுகளைச் சராசரி செய்த படமும் பொருளற்றது. வெவ்வேறு திசைகளில் அளந்த எண்களைக் கூட்டி வகுப்பதுதான் அங்கே நடக்கிறது.

நிற்கும் அச்சும் கூடவே திரும்பும் அச்சும்

சிறு நகர்வுக் கணக்கில் இந்தக் கேள்வி எழாது. பொருள் பெரிதாகச் சுழலும்போதுதான் எழுகிறது. அபாகஸின் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ திசைகளும் அன்சிஸின் கணு அச்சுகளும் தொடக்க நிலையிலேயே நிற்பவை. கணு எங்கே போனாலும் அவை திரும்புவதில்லை. பொருளின் அச்சுகளோ பெருநகர்வுக் கணக்கில் பொருளோடு சேர்ந்து திரும்புகின்றன.

100 மி.மீ. ஆரமுள்ள தண்டை 10 பாகை முறுக்க, உருளை அச்சில் தொடுகோட்டு நகர்வாக 17.45 மி.மீ. கொடுத்தால் என்ன ஆகும்? கணு வட்டத்தில் நகராமல், தொடக்கத் தொடுகோட்டின் மேல் நேராகப் போகும். ஆரத் திசையும் கட்டப்பட்டிருந்தால் முடிவில் அது மையத்திலிருந்து 101.5 மி.மீ. தள்ளி நிற்கும். யாரும் கேட்காத ஒன்றரை விழுக்காடு விரிவு தண்டுக்குள் நுழைந்துவிடும். முறுக்கு ஒன்றிரண்டு பாகையைத் தாண்டினாலே இந்த முறையை விட்டுவிட்டு, மையத்தில் ஒரு குறிப்புக் கணு வைத்து, சுற்றுக் கணுக்களை அதோடு இணைத்து, அதற்குச் சுழற்சியைக் கொடுப்பதே சரி.

மோதல் ஆய்வில் அச்சு பொருளோடு ஓடியே ஆக வேண்டும். வாகனத்தின் தரையில் பொருத்திய முடுக்கமானி, வண்டி சுழன்றாலும் தன் சொந்தத் திசையில்தான் அளக்கும். எல்எஸ்-டைனாவில் மூன்று கணுக்களால் வரையறுத்த அச்சுக்கு ஒவ்வொரு காலப்படியிலும் புதுப்பிக்கும் தேர்வு உண்டு. அதன் இயல்பு நிலை, புதுப்பிக்காமல் விடுவது. அதை மாற்ற மறந்தால் சோதனையின் வளைகோடும் கணக்கின் வளைகோடும் முதலில் ஒட்டிச் சென்று, வண்டி திரும்பத் தொடங்கியதும் பிரிந்துவிடும். திசைகளின் குறிக்கு எஸ்ஏஇ ஜே211 என்ற தர நெறி பின்பற்றப்படுகிறது. அதில் எக்ஸ் முன்னோக்கி, ஒய் வலப்பக்கம், இசட் கீழ்நோக்கி. இசட் மேல்நோக்கிய வாகன மாதிரியோடு அதை ஒப்பிடும்போது இரண்டு குறிகள் மாறும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அச்சே வேண்டாத மாற்று வழி

ஒரு கணுவுக்கு ஒரே ஒரு நகர்வு அச்சுதான் இருக்க முடியும். 30 பாகைச் சாய்தளத்தில் உருளும் தாங்கியும், வேறொரு திசையில் சமச்சீர்த் தளமும் ஒரே கணுவில் சந்தித்தால் இரண்டையும் ஒரு திருப்பிய அச்சால் சொல்ல முடியாமல் போகலாம். அப்போது கணுவைப் பொது அச்சிலேயே விட்டு, சாய்தளத் தாங்கியை ஒரு கட்டுப்பாட்டுச் சமன்பாடாக எழுதலாம். செங்குத்து நகர்வின் 0.866 மடங்கிலிருந்து கிடை நகர்வின் 0.5 மடங்கைக் கழித்தால் 0 என்பது அந்தச் சமன்பாடு. இதன் குறை, எதிர்விசையைப் படிப்பது சற்றுக் கடினம். திருப்பிய அச்சில் அது ஒரே எண்ணாக நேரே கிடைக்கும். ஆகவே தாங்கியில் நங்கூர போல்ட்டை வடிவமைக்க எதிர்விசை தேவையென்றால் திருப்பிய அச்சு. இரண்டு நிபந்தனைகள் மோதும் கணுவில் மட்டும் சமன்பாடு.

எந்த வழியை எடுத்தாலும் தீர்வுக்கு முன் அச்சுகளின் மூன்று அம்புகளையும் திரையில் வரவைத்துப் பார்க்க வேண்டும். எண்களைப் படிப்பதைவிட இது விரைவில் தவறைக் காட்டும். அதற்கடுத்து ஒரு சின்னச் சுமைச் சோதனை. உருளையில் உள்ளழுத்தம் மட்டும் கொடுத்துத் தீர்த்து, ஆர நகர்வு சுற்றிலும் ஒரே அளவாகவும் தொடுகோட்டு நகர்வு 0 ஆகவும் இருக்கிறதா என்று பார்க்கலாம். நார்ப் பலகையில் நார்த் திசையில் மட்டும் இழுத்து, ஷியர் திரிபு எழுகிறதா என்று பார்க்கலாம். எழுந்தால் அச்சு சாய்ந்திருக்கிறது. சாய்தளத் தாங்கியில் தன்எடை மட்டும் கொடுத்து, எல்லாத் தாங்கிகளின் எதிர்விசைகளையும் பொது அச்சுக்கு மாற்றிக் கூட்டினால் மொத்த எடைக்குச் சமமாக வர வேண்டும். தனி அச்சில் உள்ள எதிர்விசைகளை மாற்றாமல் அப்படியே கூட்டினால் எடை குறைந்தோ கூடியோ தெரியும். மாதிரியில் தவறே இல்லாதபோதும் அப்படித்தான் தெரியும் என்பதால், மாற்றிய பிறகே கூட்ட வேண்டும்.